நேசிக்கப்படுபவன் கடன்

மாமியார் மருமகள் பூசலைப் பொருளாகக் கொண்ட நாடகம் என்றதும் நம்மிற் பலர் முகஞ் சுளிக்கின்றனர். அது பொழுதைக் கழிப்பதற்குரியது, பாமரர் சிரிப்பதற்குரியது, கற்றோர் ஆராய்வதற்கு அதன்கண் ஒன்றுமில்லை என்பது அவர்தம் கொள்கை. அழவைத்தவனைப் பெரும்புலவன் என்றும், சிரிக்கவைத்தவனைக் கோமாளி என்றும் பிரித்து வைக்கும் வழக்கம் நம் வகுப்பறைகளிலும் புகுந்துவிட்டது. தொல்காப்பியனார் எண்வகை மெய்ப்பாட்டினை எண்ணத் தொடங்கும்போது நகையைத்தான் முதற்கண் வைத்தார் என்பதை மட்டும் அவர்கட்கு நினைவூட்டிவிட்டு மேலே செல்கின்றேன்.

ஈண்டு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர். பெயர் ‘எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்’. ‘ரேமண்டை எல்லாரும் நேசிக்கின்றனர்’ என்பது அதன் பொருள். 1996 செப்டம்பர் 13ஆம் நாள் சி.பி.எஸ். நிலையத்தில் தொடங்கி, 2005 மே 16ஆம் நாள் நிறைவெய்தியது. ஒன்பது பருவங்கள், 210 பகுதிகள். அமெரிக்கத் தொலைக்காட்சிக்குரிய எம்மி விருதுகளில் பதினைந்தினைப் பெற்றது. இத்தாலிய மரபில் வந்த ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் இதில் இடம்பெறுகின்றனர். நியூயார்க் நகரத்தை அடுத்த லாங் ஐலண்டுப் பகுதியில் லின்புரூக் என்னும் ஊர். தெருவின் ஒருபுறத்தில் ரேமண்ட் பரோன், அவன் மனைவி டெப்ரா, மகள் ஆலி, இரட்டையராய்ப் பிறந்த ஆண்மக்கள் இருவர். எதிர்ப்புறத்தில் அவனைப் பெற்ற பிராங்க், மரீ ஆகிய இருவர். மணமுறிவு பெற்ற தமையன் ராபர்ட் பெற்றோர் வீட்டிலேயே ஒதுங்கிக் கிடக்கிறான். இரு வீட்டுக்கும் இடையே உள்ளது ஒரு தெருவின் அகலம். அந்த அகலம் போதவில்லை என்பதே கதை.

இதனை மாமியார் கொடுமை பற்றிய தொடர் என்று சொல்வாருண்டு. ஓயாது குற்றங்காணும் மரீயையும், ஓயாது பொருமும் டெப்ராவையும் மட்டும் நோக்கினால் அவ்வாறு தோன்றுதல் இயல்பே. ஆயினும் முழுவதையும் ஒருமுறை வரிசையாகப் பார்த்தோர்க்கு வேறொன்று புலப்படும். இத்தொடரின் நடுப்பொருள் மாமியாருமல்லள், மருமகளுமல்லள். நடுவில் அமர்ந்து உண்டுகொண்டிருக்கிறானே, அவன்தான். எல்லாராலும் நேசிக்கப்படுபவன் அந்த நேசத்திற்கு என்ன விலை கொடுக்கிறான்? அவன் கொடுக்காத விலையைப் பிறர் எவ்வாறு கொடுக்கின்றனர்? ஒன்பது ஆண்டுகள் சிரிப்பினூடே கேட்கப்பட்ட கேள்வி இதுவென்று நான் கொள்கின்றேன்.

தலைப்பினையே பாருங்கள். அது புகழுரை போல் ஒலிக்கிறது, பிறந்ததோ பொருமலில். தலைமை நடிகர் ரே ரோமானோ மேடையில் நகைச்சுவையாகப் பேசிப் பெயர்பெற்றவர். அவருடைய உடன்பிறந்தார் ஒருவர் நியூயார்க்கில் காவல்துறையில் இருந்தவர். தாம் ஆற்றும் தொழிலின் இடரையும், தம் உடன்பிறந்தவனுக்குக் கிட்டும் பாராட்டையும் ஒப்பிட்டு அவர் சலிப்போடு சொன்ன சொல்லே தலைப்பாயிற்று. ரோமானோவுக்கு இத்தலைப்புப் பிடிக்கவில்லை, மாற்ற விரும்பினார். மாறாதது நன்றாயிற்று. நாடகத்தில் ராபர்ட்டும் காவலன். அவன் வாயில் இச்சொற்றொடர் வரும்போது, அது தம்பிமீது அண்ணன் சுமத்தும் குற்றப்பத்திரிகையாகவே ஒலிக்கிறது. ஆறரை அடிக்கு மேல் வளர்ந்த பிராட் கேரெட் என்னும் நடிகர், அத்தனை உயரத்தையும் தோளில் மடக்கிவைத்துக்கொண்டு, தாயின் பார்வை தன்மேல் விழாதா என்று நிற்கும் நிலை சிரிப்பும் தருகிறது, இரக்கமும் தருகிறது.

இனி, இக்குடும்பம் இத்தாலியக் குடும்பம் என்பதில் எவ்வளவு பொருள் உண்டு என்பதை நோக்குவோம். 1880க்கும் 1920க்கும் இடைப்பட்ட நாற்பதாண்டுகளில் ஏறத்தாழ நாற்பது இலட்சம் இத்தாலியர் அமெரிக்கா சென்றனர். பெரும்பாலோர் தென்னித்தாலியிலும் சிசிலித் தீவிலும் வறுமையில் உழன்ற உழவர். முதல் தலைமுறை பெருநகரங்களின் நெருக்கமான தெருக்களிற் குடியேறிற்று. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர், அவர்தம் மக்கள் நகரத்தை விட்டுப் புல்தரையும் தனிவீடும் உடைய புறநகர்களுக்குப் பெயர்ந்தனர். லாங் ஐலண்டு அத்தகைய இடங்களுள் ஒன்று. சமூக ஆய்வாளர் ஹெர்பர்ட் கான்ஸ் என்பார் பாஸ்டன் நகரின் இத்தாலியர் வாழ்ந்த பகுதியொன்றில் தாமே குடியிருந்து எழுதிய நூல் 1962இல் வெளிவந்தது. மாலை வேளைகளில் உறவினர் ஒருவர் வீட்டுச் சமையலறையில் ஒருவர் கூடிப் பேசுவதே அம்மக்கள் வாழ்வின் நடுநாடி என்று அவர் கண்டார். அந்தச் சமையலறையைப் பெயர்த்துப் புறநகரில் கொண்டுவந்து வைத்தால் என்னாகும்? தனிவீடு என்பது கதவைச் சாத்திக்கொள்வதற்காகக் கட்டப்பட்டது. மரீயோ கதவு தட்டிப் பழகாதவள். தட்டாமலே திறக்கப்படும் அந்தக் கதவில்தான் இரண்டு வாழ்க்கை முறைகள் முட்டிக்கொள்கின்றன.

இதற்கு முன்பும் இத்தாலியரை வைத்து அமெரிக்கர் சிரித்ததுண்டு. 1948இல் வானொலியில் தொடங்கிப் பின்னர்த் தொலைக்காட்சிக்கும் வந்த ‘லைஃப் வித் லூயிஜி’ என்பதில், புதிதாய் வந்திறங்கிய இத்தாலியனின் உடைந்த ஆங்கிலமே சிரிப்புக்கு முதலாயிற்று. அவ்வேடம் பூண்டவரோ ஐரிஷ் மரபினர். பிறன் நாக்குப் புரளாமையைக் கண்டு சிரிக்கும் சிரிப்பு மலிவானது. ரேமண்ட் தொடரில் அது இல்லை. வியப்பு யாதெனில், இதிலும் நடிகருட் பெரும்பாலோர் இத்தாலியர் அல்லர். தாயாக வந்த டோரிஸ் ராபர்ட்ஸ் அம்மையாரும், தமையனாக வந்த கேரெட்டும் யூதர். தொடரை ஆக்கிய பிலிப் ரோசந்தாலும் யூதரே. தந்தையாக வந்த பீட்டர் பாயில் ஐரிஷ் வழியினர். ரோமானோ ஒருவரே இத்தாலிய மரபினர். தம் தாயின் பேச்சை ரோசந்தாலும், தம் இல்லத்து நிகழ்ச்சிகளை ரோமானோவும் கொண்டுவந்து கலந்தனர். கலவை பொருந்திற்று. உண்ணாதவனைக் கண்டால் மனம் பொறாத தாய் எந்த ஓர் இனத்துக்கும் தனியுடைமை அன்று போலும்.

இத்தாலியத் தன்மை மேலோட்டமாகவே இருந்தது என்று குறைகூறுவோர் கூற்றிலும் உண்மையுண்டு. ஐந்தாம் பருவத் தொடக்கத்தில், 2000ஆம் ஆண்டில், குடும்பத்தாரை இத்தாலிக்கே அழைத்துச் சென்று இரண்டு பகுதிகள் எடுத்தனர். உரோமாபுரிக்கு அருகே ஏரிக்கரையில் உள்ள அங்குவிலாரா என்னும் சிற்றூரில் படப்பிடிப்பு நடந்தது. இதன் தோற்றம் சுவையானது. ரோமானோ அதுவரை ஐரோப்பாவுக்குச் சென்றதில்லை. பிற நாட்டுப் பண்பாடுகளில் தமக்கு நாட்டமில்லை என்று அவர் சொல்ல, அதனையே கதையாக்கினார் ரோசந்தால். பாட்டன் பூட்டன் மண்ணில் கால்வைத்த ரேமண்ட், சளிப்பிடித்துச் சிணுங்கிக்கொண்டு அறையிற் கிடக்கிறான்! பின்னர்த் தெருவில் உலவி, உள்ளூர்ப் பீட்சாவைச் சுவைத்த பிறகே அவன் கண் திறக்கிறது. வேரைப் பற்றிய பேருரை எதுவுமில்லை; நாவழியாகவே நாடு உள்ளே நுழைகிறது. இப்பகுதியை நான் மிகச் சிறந்ததாகக் கருதவில்லை. காட்சியழகு கதையை விழுங்கிவிட்டது. ஆயினும் அந்தச் சிணுங்கல் மெய்யானது.

தொடரின் உண்மையான ஆற்றலைக் காண விரும்புவோர் முதற்பகுதியில் வரும் பழக்கூடைக் காட்சியைக் காண்க. மாதந்தோறும் ஒரு பெட்டிப் பழம் வீடு தேடி வரும்படியாகத் தாய்க்கு ஓர் ஏற்பாட்டைப் பரிசாகச் செய்கிறான் மகன். பேரிக்காய்ப் பெட்டி வந்து சேர்கிறது. தாய் மகிழ்ந்தாளா? இல்லை. இத்தனைப் பழத்தை இரண்டு பேர் எப்படித் தின்பது, அடுத்த மாதமும் வருமாமே, நான் என் செய்வேன், எனக்கேன் இந்தத் தொல்லை என்று அவள் அலமருகிறாள். தந்தையும் சேர்ந்துகொள்கிறார். ஏதோ தீங்கு நேர்ந்துவிட்டாற் போல வீடே கலங்குகிறது. ரோசந்தால் தம் பெற்றோருக்கு உண்மையாகவே பேரிக்காய் அனுப்பி, உண்மையாகவே பெற்றுக்கொண்ட வசவு அது.

சிரித்து முடித்தபின் சற்றே எண்ணிப் பாருங்கள். வாழ்நாள் முழுதும் கொடுத்துக் கொடுத்தே பழகிய கை பெறுவதற்குக் கூசுகிறது. கொடுக்கும் இடத்தில் இருப்பவரையே பிறர் தேடிவருவர். பெறும் இடத்திற்கு வந்துவிட்டால் முதுமை வந்துவிட்டது என்று பொருள். மரீ அஞ்சுவது பழத்தையா? மகனோ, கூடைப் பழத்தால் கடன் தீர்ந்தது என்று எண்ணுகிறான்; தொலைபேசியில் சொல்லிவிட்டால் கடைக்காரன் கொண்டுபோய்க் கொடுப்பான், தான் தெருவைக் கடக்கவும் வேண்டியதில்லை. தாய் தன் கைப்பட ஆக்கிய உணவைத் தானே சுமந்து தெருவைக் கடந்து வருபவள். இவ்விரு கொடைகளின் வேறுபாட்டை ஆசிரியர் எங்கும் எடுத்துச் சொல்லவில்லை. பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

இதே பொருள் 1998ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் பகுதியில் மீண்டும் வருகிறது. இம்முறை ரேமண்ட் அன்பு வாசகம் பொறித்த ரொட்டி வாட்டும் கருவியைப் பெற்றோர்க்குப் பரிசளிக்கிறான். அவர்களோ பெட்டியைப் பிரித்தும் பாராமல் கடையிற் கொடுத்து, காப்பி போடும் கருவியாக மாற்றிக்கொள்கின்றனர். வாசகம் பொறித்த செய்தி தெரிந்ததும் முதியோர் இருவரும் கடைக்கு ஓடி, அடுக்கியிருந்த பெட்டிகளையெல்லாம் பிரித்துப் போட்டு அலைமோதுகின்றனர். மகன் தங்களை நேசிப்பதாக எழுதியிருக்கிறான். அந்த எழுத்து எங்கோ ஓர் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கிறது. நேரில் நின்று ஒருமுறை வாய்திறந்து சொல்லியிருந்தால் கருவியும் வேண்டாம், கடையும் வேண்டாம். அதுதான் இக்குடும்பத்தில் எவராலும் இயலாதது.

நகை பிறக்கும் நிலைக்களன் நான்கு என்று வகுத்த தொல்காப்பியர், எள்ளல், இளமை, பேதைமை, மடன் என அவற்றை நிறுத்தினார். அவை தன்னிடத்துத் தோன்றுவதும் பிறரிடத்துத் தோன்றுவதும் உண்டு என உரைகாரர் விரித்தனர். வகுப்பில் இதனைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர்க்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின், பரோன் வீட்டு உணவு மேசை ஒன்றே போதும். பிராங்க் பேசுவதெல்லாம் எள்ளல். கொரியப் போரிற் பணிபுரிந்த அக்கிழவர் மனைவியையும் மக்களையும் ஒரே வாயால் ஏளனஞ் செய்கிறார். அவ்வெள்ளலுக்கு உள்ளே, மென்மையைக் காட்டினால் ஆண்மைக்கு இழுக்கு என்று கற்பிக்கப்பட்ட ஒரு தலைமுறையின் அச்சம் இருக்கிறது. எள்ளப்படுபவன் ராபர்ட். உண்ணும்போது ஒவ்வொரு கவளத்தையும் முகவாயில் தொட்டுக்கொண்டபின் வாயிலிடும் அவன் பழக்கத்தில், வளர்ந்தும் வளராத இளமை. மடன் என்பதற்குக் கொண்டதை விடாது பற்றுதல் என்றும் பொருள் சொல்வர். அது மரீக்கே பொருந்தும். பேதைமையோ ரேமண்டுடையது. ஆனால் அவன் பேதைமையில் பாதி நடிப்பு. தெரியாதவன்போல் இருந்துவிட்டால் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

இங்குதான் இத்தொடரைப் பற்றிய என் வாதத்தின் உயிர்நாடி இருக்கிறது. இரண்டாம் பருவத்தில் இறைச்சி உருண்டை செய்யும் கதை ஒன்று. கணவனுக்குப் பிடித்த அவ்வுணவை மாமியாரிடமே கற்றுக்கொள்வோம் என்று டெப்ரா பணிந்து செல்கிறாள். மரீ மகிழ்ந்து கற்பிக்கிறாள். டெப்ரா சொன்னபடியே செய்தும் வாயில் வைக்க முடியவில்லை. மரீ கொடுத்த மணப்பொருட் குப்பியில் பெயர்ச்சீட்டு மாற்றி ஒட்டப்பட்டிருந்தது பின்னர் வெளிப்படுகிறது. கொடுமை என்றுதான் இதைச் சொல்லவேண்டும்; மறுக்கவில்லை. ஆயினும் அவளைப் பொறுத்தவரை அந்தச் சுவை ஒன்றே மகன் தெருவைக் கடந்து வருவதற்கு மிஞ்சியிருக்கும் காரணம். அதையும் எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு அவளிடம் என்ன இருக்கிறது? மருமகளின் நிலை என்ன? பத்தாண்டு இல்லறத்திற்குப் பின்னும், தான் ஆக்கிய உணவு ஒவ்வொரு வேளையும் எதிர்வீட்டு உணவோடு தராசிலிடப்படுகிறது. தராசின் முள்ளாக இருப்பவன் ரேமண்ட். அவன் ஒரு சொல் சொன்னால் போதும்: ‘அம்மா, இவ்வீட்டில் இவள் சமைப்பதே எனக்கு உணவு’ என்று தாயிடமும், ‘அவள் முதியவள், தனிமைக்கு அஞ்சுகிறாள்’ என்று மனைவியிடமும். இரண்டையும் அவன் சொல்வதில்லை. இரண்டு வீட்டிலும் உண்கிறான். இருவரும் சண்டையிடும்போது அவன் தேடும் இடம் தொலைக்காட்சிப் பெட்டி.

மாமியாரைக் குற்றஞ்சாட்டி முடித்துவிடும் திறனாய்வு இதனாலேயே எனக்கு உடன்பாடன்று. பெண்கள் இருவர் ஒருவரையொருவர் தின்கிறார்கள் என்று உலகம் நகைக்கிறது. வாய்மூடி அமர்ந்த ஆடவனை ‘பாவம், நல்லவன்’ என்று சொல்லித் தப்பவிடுகிறது. இத்தொடர் அவனை முற்றிலும் தப்பவிடவில்லை. அவன் ஒளிந்துகொள்ளுந்தோறும் ஒளிந்த இடம் காட்டப்படுகிறது. தலைமைப் பாத்திரமே கோழையாக இருக்க, அந்தக் கோழைமையைத் தலைமை நடிகரே விரும்பி ஏற்றுக் காட்டியது தொலைக்காட்சி நாடகத்தில் எளிதிற் காணக்கூடியதன்று.

கதைகள் எவ்வாறு அமைக்கப்பட்டன என்பதும் நாம் அறியத்தக்கது. இது நடக்கக்கூடியதா என்ற வினாவை ஒவ்வொரு கதைக்கும் ரோசந்தால் எழுப்பினார்; எழுத்தாளர்களைத் தத்தம் வீட்டில் நடந்த பூசல்களைக் கொண்டுவரச் சொன்னார். அதனால் பொருள்கள் மிகச் சிறியனவாயின. 2003இல் ஒளிபரப்பான ‘பேகேஜ்’ என்னும் பகுதியில் நிகழ்வதெல்லாம் இவ்வளவே: ஊருக்குப் போய்த் திரும்பிய கணவனும் மனைவியும் பயணப்பெட்டியை மாடிப்படியில் விட்டுவிடுகின்றனர். யார் மேலே எடுத்துச் செல்வது? அவன் எடுக்கட்டும் என்று அவள். அவள் எடுக்கட்டும் என்று அவன். வாரக்கணக்கில் பெட்டி கிடக்கிறது. வேறு கதையில்லை. இதை எழுதிய டக்கர் காலி என்பார் அவ்வாண்டு எம்மி விருது பெற்றார். அதில் மரீ பேசும் ஓர் இடமுண்டு. அவள் வீட்டுச் சுவரில் பெரிய மரக்கரண்டியும் முட்கரண்டியும் தொங்குவதைப் பார்வையாளர் ஆண்டுக்கணக்கில் பார்த்திருப்பர். அழகுக்கு மாட்டியது என்றே எண்ணியிருப்பர். அவை தனக்கும் கணவனுக்கும் நெடுங்காலத்துக்கு முன் மூண்ட பூசலின் சின்னம் என்று அவள் மகனிடம் சொல்கிறாள். சிறுபூசல் முதிர்ந்து எத்தனை ஆண்டு கசப்பாகும் என்பதைத் தன் சுவரைக் காட்டி எச்சரிக்கிறாள். அரங்கு சிரிக்கிறது. அவ்விடத்தில் டோரிஸ் ராபர்ட்ஸ் அம்மையார் குரலைத் தாழ்த்தும் முறை கருதத்தக்கது. நாற்பதாண்டு மணவாழ்க்கை அந்தத் தாழ்ந்த குரலில் வந்து நிற்கிறது. இத்தொடருக்காக அவர் நான்கு எம்மி விருதுகள் பெற்றார். பாயிலுக்கு இத்தொடருக்கென ஒன்றும் கிட்டவில்லை. அது நீதியன்று என்பது என் கருத்து.

மற்றோர் அமைப்பும் நோக்கத்தக்கது. டெப்ராவின் பெற்றோர் செல்வர், கனெக்டிகட் மாநிலத்தவர், குரலுயர்த்திப் பேசாதவர், நயத்தக்க நாகரிகம் உடையவர். பரோன் குடும்பத்தின் கூச்சலுக்கு நடுவே அவர்கள் வந்து அமரும்போது, டெப்ரா எங்கிருந்து எங்கு வந்துவிட்டாள் என்று நாம் இரங்குகிறோம். ஆனால் முறிந்தது எது தெரியுமா? அந்த அமைதியான மணவாழ்க்கைதான். கூச்சலிட்டவர் கூடியிருக்க, புன்னகை செய்தவர் பிரிந்தனர். பின்னர் ராபர்ட் மணக்கும் ஏமியின் பெற்றோரும் அடக்கமே உருவானவர். அவ்வீட்டின் மௌனத்தில் நமக்கே மூச்சு முட்டுகிறது. இதிலிருந்து கூச்சலே நல்லது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கூச்சலின் விலையையும் தொடர் காட்டத்தான் செய்கிறது.

அதனைக் காட்டும் பகுதி 2001இல் வந்த ‘ஆங்ரி ஃபேமிலி’. பள்ளியில் மாணவர் தாமே எழுதிய கதைகளைப் பெற்றோர் முன் படிக்கின்றனர். இரட்டையருள் ஒருவனான மைக்கேல் எழுந்து, சினங்கொண்ட ஒரு குடும்பத்தைப் பற்றிய தன் கதையைப் படிக்கிறான். அப்பாவுக்கு அம்மாமேல் கோபம், அம்மாவுக்கு அப்பாமேல் கோபம் என்று ஒவ்வொரு தாளாகப் புரள்கிறது. பெஞ்சுகளில் அமர்ந்த பெரியோர் முகங்களை அப்போது பார்க்கவேண்டும்! ஆசிரியராய் இருப்போர்க்கு இக்காட்சி சிரிப்போடு சேர்த்து நெஞ்சில் ஒரு குத்தலையும் தரும். ‘என் குடும்பம்’ என்று தலைப்புக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு, மறுநாள் அந்த ஏடுகளைத் திருத்த உட்காரும்போது, எழுத்துப்பிழைக்குச் சிவப்புக் கோடு போடுவதா, எழுதியதைப் படித்துவிட்டோமே என்று கண்ணை மூடிக்கொள்வதா எனத் திகைத்தவர் நம்மிற் பலர். பரோன் குடும்பத்தார் என்ன செய்கின்றனர்? இந்தக் கோபம் யாரிடமிருந்து தொடங்கிற்று என்று ஆராயப் புகுந்து, பிள்ளையை மறந்து, ஒருவர்மேல் ஒருவர் பழிசுமத்திக் கூச்சலிடுகின்றனர். மகன் தந்தையைச் சுட்ட, தந்தை தம் தந்தையைச் சுட்ட, பழி மூன்று தலைமுறைக்கும் ஏறி இறங்குகிறது. சொத்தைப் போலவே சினமும் வழிவழி வருவது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டிய நகைச்சுவையை நான் கண்டதில்லை.

குறைகளையும் சொல்லவேண்டும். குழந்தைகள் மூவரும் பெரும்பாலும் மேடைப்பொருள்களாகவே இருக்கின்றனர். தேவைப்படும்போது வந்து, உடனே மாடிக்கு அனுப்பப்படுகின்றனர். இது குழந்தைகளைப் பற்றிய நாடகமன்று என்று தொடக்கக் காலத்து முன்னுரையிலேயே ரேமண்ட் சொல்லிவிடுகிறான் என்பது உண்மையே. சொல்லிவிட்டதனால் குறை குறையாகாது போகுமா? மூன்று தலைமுறை என்று பெயர் பண்ணிவிட்டு, மூன்றாந் தலைமுறையை வாய்பேசாது வைத்தது இழப்புத்தான். மைக்கேலின் கதை போன்றவை மேலும் சில இருந்திருக்கலாம். பிற்பருவங்களில் டெப்ராவின் சினம் மிகையாக வளர்க்கப்பட்டதும் எனக்கு ஒப்பவில்லை. பட்ரீஷியா ஹீட்டன் அம்மையார் திறமான நடிகை. ஆயினும் முதற் பருவங்களில் களைத்துப்போன இளந்தாயாக இருந்தவள், பின்னர் எடுத்தெறிந்து பேசுவதையே வழக்கமாக்கிக்கொண்டாள். சினத்தின் காரணம் மறைந்து சினம் மட்டும் நின்றால் பார்ப்பவன் காரணகர்த்தாவை மன்னித்துவிடுகிறான். ரேமண்டுக்கு அது எளிதாய்ப் போயிற்று.

ஒருமுறை மட்டும் அவன் சற்றே கடன் தீர்க்கிறான். 2003இல் ராபர்ட்டின் திருமணத்தில், மறுப்புடையார் உண்டா என்று குரு கேட்டதும், மணமகனின் தாயே எழுந்து நிற்கிறாள்! அதன்பின் விருந்தில் மாப்பிள்ளைத் தோழன் என்ற முறையில் ரேமண்ட் பேச நேர்கிறது. ஒளிய இடமில்லை. நினைவுகளை எல்லாம் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, வேண்டாதவற்றை வெட்டிவிட்டு நல்லவற்றை வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்துப்பட அவன் பேசுகிறான். பத்திரிகையில் எழுதுபவன் வாயில் வரத்தக்க பேச்சு. வாழ்நாளெல்லாம் தன்னால் நிழலில் நின்ற தமையனுக்கு, அந்நாளின் கெட்ட காட்சியை அவன் வெட்டிக் கொடுக்கிறான்.

இத்தொடர் பிறநாடுகளுக்கும் பெயர்ந்தது. ருஷ்யாவில் ‘வரோனினி’ என்ற பெயரில் 2009இல் தொடங்கிப் பத்தாண்டுகள் ஓடிற்று. இந்தியில் 2015இல் தில்லி வாழ் பஞ்சாபிக் குடும்பக் கதையாக வந்தது. ருஷ்யப் பதிப்புக்குத் துணைசெய்ய மாஸ்கோ சென்ற ரோசந்தால் தம் பாடுகளை ஓர் ஆவணப்படமாகவே எடுத்தார். வீடு துடைக்கும் பெண்ணுக்கு விருந்துக்குச் செல்லும் உடையை உடுத்த வேண்டும் என்று ஆடைப்பொறுப்பாளர் வாதிட, இவர் தலையிலடித்துக்கொள்ளும் காட்சி அதில் உண்டு. நடக்கக்கூடியதா என்று கேட்டுக் கேட்டு எழுதியவருக்கு அதைவிடப் பெரிய துன்பம் வேறென்ன இருக்கமுடியும்!

இறுதிப் பகுதியைப் பற்றிச் சொல்லி முடிக்கின்றேன். புகழ்பெற்ற தொடர்கள் முடியும்போது வீடு மாறுவர், ஊர் பெயர்வர், கட்டித் தழுவி அழுவர். இவர்கள் வழக்கமான அரைமணி நேரத்துக்குள் முடித்துக்கொண்டனர். மூன்று கோடிக்கு மேற்பட்டோர் அன்று பார்த்தனர். ரேமண்டுக்கு மூக்கின் பின்புறத்தில் அடினாய்டு சதையை நீக்கும் சிறிய அறுவை. முடிந்தபின் அவன் மயக்கம் தெளியவில்லை என்று தாதி வந்து சொல்கிறாள். அரைநிமிடம் கழியுமுன் மருத்துவர் வந்து, விழித்துக்கொண்டான் என்கிறார். அவ்வளவே. ஆனால் அந்த அரைநிமிடத்தில் எள்ளலே மொழியாய் வாழ்ந்த தந்தையும், பொறாமையே தொழிலாய்க் கொண்ட தமையனும், வசைபாடிய மனைவியும் நிலைகுலைந்து நிற்கின்றனர். அந்நேரம் அங்கில்லாதவள் மரீ ஒருத்தியே. அவளுக்குத் தெரியக்கூடாது என்று மற்றவர் மறைக்கின்றனர், ரேமண்டுக்கும் சொல்வதில்லை. தன்னை எல்லாரும் எவ்வளவு நேசிக்கின்றனர் என்பது வெளிப்பட்ட ஒரே பொழுதில் அவன் மயங்கிக் கிடந்தான். உண்மை கசிந்து அவன் காதுக்கு எட்டியபின் என்ன செய்கிறான் என்று பார்த்தால், பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மறுநாட் காலை அவன் வீட்டுச் சமையலறை மேசையில், இடம் போதாமல் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அத்தனைபேரும் உண்ண உட்கார்ந்திருக்கின்றனர். எல்லாரும் ஒரே சமயத்தில் பேசுகின்றனர்.